தந்திக்கம்பியும் மின்னலும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியல் நம்பிக்கைகள் குறித்து ஒரு மறுபார்வை

ஆய்வுச் சுருக்கம்

தந்திக்கம்பி மின்னலை ஈர்க்கும், மழையைத் தடுக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவிய எண்ணங்கள் பாமரரின் மூடநம்பிக்கை எனப் பொதுவாக ஒதுக்கப்படுகின்றன. அவ்வெண்ணங்களின் வேர் அன்றைய அறிஞர்களின் கோட்பாட்டிலேயே இருந்தது என்பதையும், நெடுங்காலம் நிலைத்த பிழை பொறியாளர்களிடமே இருந்தது என்பதையும் 1846 முதல் 1895 வரையிலான சில நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: தந்தி, மின்னல், இடிதாங்கி, மின்பாய்மம், தன்தூண்டல், ஜோசப் ஹென்றி, ஆலிவர் லாட்ஜ்

முன்னுரை

1846ஆம் ஆண்டு மே 20ஆம் நாளையொட்டி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாக்கன்சாக் ஆற்றின் குறுக்கே உயர்ந்த கம்பம் ஒன்றின்மேல் கட்டப்பட்டிருந்த தந்திக்கம்பியை மின்னல் தாக்கியது. தாக்கிய இடத்திலிருந்து அது கம்பியின் வழியே இருபுறமும் பல மைல் தொலைவு ஓடியது. ஓடிய வழியெங்கும் ஒழுங்கற்ற இடைவெளிகளில் கம்பியைவிட்டு விலகி, மரக்கம்பங்களின் வழியே தரையில் இறங்கியது. இறங்கிய ஒவ்வோரிடத்திலும் பல துப்பாக்கிகள் அடுத்தடுத்து வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. மோர்ஸின் வாஷிங்டன்–பால்டிமோர் தந்தித்தடம் திறக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்நிகழ்வைப் பதிவு செய்தவர் ஜோசப் ஹென்றி. அவர் பதிவில் அன்று எவரும் உரக்கக் கேட்காத ஒரு வினா பொதிந்திருக்கிறது. உலோகம் நற்கடத்தி, மரம் அரிதிற்கடத்தி. அவ்வாறாயின் மின்னல் உலோகத்தைவிட்டு மரத்தை நாடியது ஏன்? இவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைக்க நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் தந்திக்கம்பிக்கும் மின்னலுக்கும் உள்ள உறவைப் பற்றி அறிஞர்கள் எவற்றை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லாட்சி குறித்து முதலிலேயே ஒன்று கூறவேண்டும். இக்கருவியின் மேலைநாட்டுப் பெயர் 'தொலைவில் எழுதுதல்' என்னும் பொருளுடையது. அது பயனைச் சுட்டுகிறது. தமிழில் வழங்கும் 'தந்தி' என்பதோ யாழிலும் வீணையிலும் கட்டிய நரம்பைக் குறித்த சொல். அது கம்பியைச் சுட்டுகிறது. தந்தியின் வரலாற்றை எழுதியோரில் பலர் செய்தியின் வரலாற்றையே எழுதினர். கம்பிக்கெனத் தனியே ஒரு வரலாறு உண்டு என்பதை நம் சொல்லே நினைவூட்டுகிறது.

கம்பிக்கு முந்தைய கோட்பாடு

மின்னல் மின்சாரமே என்பது 1752இல் உறுதிப்பட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் வகுத்துத் தந்த சோதனையைப் பிரான்சு நாட்டின் மார்லி என்னும் ஊரில் அவ்வாண்டு மே மாதம் தாலிபார் நிறைவேற்றினார். மறு ஆண்டே புனித பீட்டர்ஸ்பர்க்கில் அத்தகைய சோதனையில் ஈடுபட்டிருந்த ரிச்மன் மின்னல் தாக்கி இறந்தார். இவை பலரும் அறிந்த செய்திகள். பிராங்க்ளின் இடிதாங்கிக்கு இரண்டு வேறு பணிகளைக் கற்பித்தார் என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. மின்னல் விழுந்தால் அதைத் தரைக்குக் கொண்டுசெல்வது ஒரு பணி. கூரிய முனையால் மேகத்தின் மின்னூட்டத்தை ஓசையின்றி உறிஞ்சி, மின்னல் விழாமலே தடுப்பது மற்றொரு பணி. முதலாவது நிலைபெற்றது, இரண்டாவது தவறு. ஒரு கூர்முனையால் கசியவிடக்கூடிய மின்னூட்டம் இடிமேகம் திரட்டும் மின்னூட்டத்தின் முன் ஒரு பொருட்டே ஆகாது.

எனினும் இரண்டாவது எண்ணமே கற்பனையைக் கவர்ந்தது. இங்கிலாந்தில் பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எத்தகைய இடிதாங்கி பொருத்துவது என ஆராய 1772இல் குழு அமைந்தபோது, கூர்முனையா மழுங்கிய முனையா என்பதே பூசலாயிற்று. கூர்முனை மின்னலை வலிந்து அழைக்கும் என்றார் பெஞ்சமின் வில்சன். 1777இல் அங்கு மின்னல் விழவே பூசல் வலுத்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மழுங்கிய முனையின் பக்கம் நின்றார். எதிரெதிரே நின்ற இவ்விரு தரப்பினரும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: தரையில் நட்ட கம்பி ஒன்று மேகத்தின் நடத்தையை மாற்றவல்லது என இருவருமே கருதினர்.

இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர்கள் ஆலங்கட்டி மழைக்கு அஞ்சிய ஐரோப்பியத் திராட்சைத் தோட்டக்காரர்கள். ஆலங்கட்டி மேகத்து மின்சாரத்தால் உருவாகிறது என்பது அக்காலத்தில் மதிப்புடன் பேசப்பட்ட கோட்பாடு. மின்சாரத்தை உறிஞ்சிவிட்டால் ஆலங்கட்டி விழாது என்பது அதன் நேரிய முடிவு. அமியானைச் சேர்ந்த லபோஸ்தோல் 1820இல் வைக்கோற் கயிறு கட்டிய கழிகளைப் பரிந்துரைத்து நூல் எழுதினார். பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளில் வயல்தோறும் கழிகள் நடப்பட்டன. பிரெஞ்சு அறிவியற் கழகம் இம்முறையை ஏற்கவில்லை. ஆயினும் கழிகளை நட்டவர்கள் எந்த மந்திரத்தையும் நம்பி நடவில்லை. கல்விமான்கள் அச்சிட்டு வெளியிட்ட காரண காரியத்தை நம்பியே நட்டனர்.

தந்திக் கம்பங்கள் ஊரூராக நடப்பட்டபோது எழுந்த அச்சத்தை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். கம்பிகள் காற்றின் மின்சாரத்தைக் கவர்ந்து மழையைக் கெடுக்கின்றன என்று அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர் சிலர் நம்பியதாகத் தந்தி வரலாற்று நூல்கள் நகைச்சுவையாகக் குறிப்பிடுகின்றன. அந்நகைப்பு எனக்கு உடன்பாடன்று. ஒரு வயலில் நட்ட கழிகள் ஆலங்கட்டியைத் தடுக்குமாயின், நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குத் தொடர்ந்து நட்டுக் கம்பியும் கட்டிய கம்பங்கள் மழையைத் தடுக்கும் என எண்ணுவதில் தருக்கப் பிழை ஏதுமில்லை. கோட்பாட்டின் முற்கூற்று தவறு. அதைத் தந்தவர் உழவரல்லர்.

ஹென்றியின் நான்கு வழிகள்

1846 ஜூன் மாதம் பிலடெல்பியாவில் அமெரிக்க மெய்யியற் கழகத்தின்முன் ஹென்றி அளித்த விளக்கம் இத்துறையின் முதல் முறையான ஆய்வு எனத் தகும். பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த அவர் அவ்வாண்டின் இறுதியில்தான் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலராகப் பொறுப்பேற்றார். கம்பியின் மின்னிலை குலைவதற்குப் பல வழிகள் உண்டு எனப் பிரித்துக் காட்டியதே அவ்விளக்கத்தின் சிறப்பு. ஹாக்கன்சாக்கில் நேர்ந்தது போன்ற நேரடித் தாக்குதல் ஒரு வழி. நீண்ட தடத்தின் ஒரு முனையில் மழையோ பனியோ பெய்ய, மறுமுனையில் வானம் தெளிந்திருக்குமாயின், இரு முனைகளின் வளிமண்டல மின்னிலை வேறுபட்டுக் கம்பியில் மின்னோட்டம் எழுவது இன்னொரு வழி. இதற்கு இடிமேகமே தேவையில்லை. தொலைவில் மிதக்கும் மேகம் தூண்டலால் கம்பியின் மின்னூட்டத்தை இடம்பெயரச் செய்வது மூன்றாவது. பல மைல் தொலைவில் தோன்றும் ஒவ்வொரு மின்னல் கீற்றும் கம்பியில் நொடிப்பொழுது மின்னோட்டத்தைத் தூண்டுவது நான்காவது.

நான்காவது வழியை ஹென்றி ஊகித்துச் சொல்லவில்லை. 1840களின் தொடக்கத்திலேயே பிரின்ஸ்டனில் தம் வீட்டின் உலோகக் கூரையோடு ஒரு கம்பியை இணைத்து, அதன் இடையே கம்பிச்சுருளையும் அதனுள் எஃகு ஊசியையும் வைத்து, கம்பியின் மறுமுனையைத் தரைக்குள் இறக்கியிருந்தார். பல மைல்களுக்கு அப்பால் மின்னிய மின்னலுக்கும் ஊசி காந்தமேறியது. லெய்டன் சாடியின் மின்னிறக்கம் ஒரே திசையில் ஓடி முடிவதன்று, முன்னும் பின்னுமாக அலைவுறுவது என்றும் அதே காலத்தில் அவர் கண்டிருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மின்காந்த அலையின் வாயிலுக்கே அவர் வந்துவிட்டார் எனலாம். ஆனால் அவரிடம் இருந்த சொற்கள் 'மின்பாய்மம்', 'தூண்டல்' என்பவை மட்டுமே. அச்சொற்களுக்குள் அலை என்னும் எண்ணம் முழுமையாக அடங்கவில்லை.

ஹென்றி கூறிய தீர்வு எளியது. தடத்தின் இடையிடையேயும் நிலையங்களின் இருபுறமும் ஈரமண்ணில் புதைத்த உலோகத் தகட்டிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, அதன் நுனியைத் தந்திக்கம்பிக்கு அரை அங்குல இடைவெளியில் நிறுத்துக என்றார். செய்தியைச் சுமக்கும் வலுவற்ற மின்னோட்டம் அவ்விடைவெளியைத் தாண்டாது, மின்னல் தாண்டிவிடும். இத்தீர்வு நடைமுறையில் பயன்தந்தது. பயன்தந்த காரணத்தாலேயே அதன் அடியிலுள்ள வினா மறைந்தது என்றும் சொல்லத் தோன்றுகிறது. கம்பி தொடர்ந்து சென்றுகொண்டிருக்க, மின்னல் எதற்காக இடைவெளியைத் தாண்டவேண்டும் என்று எவரும் நின்று கேட்கவில்லை.

காப்புக் கருவிகளும் கம்பியின் விந்தைகளும்

ஐரோப்பாவிலும் அதே ஆண்டுகளில் காப்புக் கருவிகள் தோன்றின. மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் 1846இல் ஒன்றை அமைத்தார். பாரிசில் பிரெகே மறு ஆண்டில் நிலையத்துக்குள் நுழையுமுன் கம்பியின் ஒரு பகுதியை மிக மெல்லியதாக்கினார்; மின்னல் அதனை உருக்கிவிடும், கருவி பிழைக்கும். இங்கிலாந்தில் எட்வர்ட் ஹைட்டன் கம்பியின் சிறு பகுதியை மையொற்றுத் தாளில் சுற்றி, தரையோடு இணைந்த உலோகத் துகள்களுக்கிடையே வைத்தார். 1866இல் எஸ். ஏ. வார்லி கரித்துகள் நிரப்பிய சிறு பெட்டியைக் காப்பாக்கினார். தளர்ந்து கிடக்கும் துகள்கள் சாதாரண மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. உயர் அழுத்த மின்சாரம் வந்ததும் எளிதில் வழிவிடுகின்றன. இத்துகள் பெட்டியை நாம் மீண்டும் சந்திப்போம்.

இக்கருவிகள் எதற்காகத் தேவைப்பட்டன என்பதை மறத்தலாகாது. மின்னற்காலத்தில் தந்தி நிலையங்களில் சுருள்கள் உருகின. குறிமுள்களின் காந்தம் அழிந்தது அல்லது துருவம் மாறியது. கருவியின்முன் அமர்ந்திருந்தவர்கள் அதிர்ச்சிக்கு ஆளாயினர். பல மைலுக்கு அப்பால் பெய்யும் புயல் தம் மேசைமேல் பொறியாக வெடிப்பதை முதன்முதலில் கண்ட மனிதர்கள் இப்பணியாளர்களே. அறிஞர்களுக்கு மின்னல் எப்போதாவது கிடைக்கும் சோதனைப் பொருள். இவர்களுக்கு அது பணிச்சூழல்.

வானம் தெளிந்திருந்தபோதும் கம்பி தானே பேசியது. இங்கிலாந்தின் டெர்பியில் டபிள்யூ. எச். பார்லோ 1847இல் இருப்புப்பாதைத் தந்தியின் முள் மின்கலமின்றியே அசைவதைக் கண்டு ஆராய்ந்து, 1849இல் வெளியிட்டார். 1859 செப்டம்பர் தொடக்கத்தில், கேரிங்டன் கண்ட கதிரவப் பிழம்பை அடுத்துத் துருவ ஒளி தென் அட்சங்கள்வரை தோன்றியபோது, பாஸ்டன்–போர்ட்லாந்து தடத்தின் பணியாளர்கள் மின்கலத்தைத் துண்டித்துவிட்டு, கம்பியில் தானே எழுந்த மின்னோட்டத்தைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறினர். மின்னலைத் தவிர வேறொன்றும் கம்பியைத் தொடவல்லது என்பது அப்போது ஐயத்துக்கிடமின்றித் தெளிந்தது. செய்தி அனுப்புவதற்காகக் கட்டிய அமைப்பு, உலகில் அதுவரை எவரும் கட்டியிராத மாபெரும் வளிமண்டல ஆய்வுக் கருவியாகவும் இருந்தது. அதற்கு அப்பணியை யாரும் ஒப்படைக்கவில்லை.

வங்காளத்தின் இரும்புக்கோல்

இந்தியாவின் முதல் தந்தித்தடத்தை அமைத்தவர் அயர்லாந்தில் பிறந்த மருத்துவரும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியற் பேராசிரியருமான வில்லியம் புரூக் ஓஷாக்னசி. 1839இல் கல்கத்தாவில் அவர் நடத்திய தந்திச் சோதனைகள் ஐரோப்பியச் சோதனைகளுக்கு ஏறத்தாழ இணையான காலத்தவை. வெடிமருந்துக் கிடங்குகளில் இடிதாங்கி பொருத்துவது குறித்து எழுந்த விவாதத்திலும் அவர் பங்குகொண்டார். அது தொடர்பான அலுவல் மடல்கள் 1840இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயின. இடிதாங்கியில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் பாய்ந்து அருகிலுள்ள பொருளைத் தீண்டுமா என்பது அக்கால அறிஞரைப் பிளவுபடுத்திய வினா. கப்பல்களின் பாய்மரத்துக்கு இடிதாங்கி அமைக்கப் போராடிய வில்லியம் ஸ்நோ ஹாரிசுக்கும் வில்லியம் ஸ்டர்ஜனுக்கும் இடையே இங்கிலாந்தில் மூண்ட சண்டையும் இதைப் பற்றியதே. ஹாக்கன்சாக் மரக்கம்பங்களின் புதிர் வேறொரு வடிவில் முன்பே எழுந்திருந்தது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் துறைமுகத்துக்குத் தடம் அமைத்தபோது, ஓஷாக்னசி மெல்லிய கம்பியைக் கைவிட்டு முக்கால் அரை அங்குல, அதாவது எட்டில் மூன்று அங்குலக் கனமுள்ள இரும்புக்கோல்களைப் பற்றவைத்து மூங்கிற் கால்களின்மேல் தாங்கினார். புயலுக்கு அறுபடாது, காக்கையும் பருந்தும் குரங்கும் தொற்றினாலும் சேதமுறாது, கனத்த உலோகத்தில் மின்னோட்டம் தங்குதடையின்றிச் செல்வதால் அடைமழையிலும் காப்பின்றியே இயங்கும் என்பன அவர் கூறிய காரணங்கள். இவற்றுள் குரங்கைப் பற்றியது ஐரோப்பியப் பொறியாளர் எவரும் எண்ணியிராதது. டல்ஹவுசியின் ஆதரவுடன் பணி விரைந்தது. 1855 பிப்ரவரியில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியன இணைந்திருந்தன.

கனத்த கடத்தி, தடையற்ற வழி என்பது அன்றைய பொறியியலின் அடிப்படை உணர்வு. செய்தியைச் சுமக்கும் மின்னோட்டத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். கனத்த கோல் மின்னலால் எளிதில் உருகுவதில்லை என்பதும் மெய். ஆனால் மின்னலும் செய்தியோட்டத்தைப் போலவே, அளவில் மட்டும் பெரிதாகப் பாய்வது என்று கொண்டதில்தான் பிழை நுழைந்தது. இது ஓஷாக்னசியின் தனிப்பிழையன்று. தந்தித் தொழிலில் நாள்தோறும் மின்தடையை அளந்தவர்கள், மின்னலையும் அதே அளவுகோலால் அளந்தனர்.

1888: பாத் நகரில்

இவ்வுணர்வின் வலுவான பிரதிநிதி வில்லியம் பிரீஸ். பிரித்தானிய அஞ்சல் துறையின் மின்னியல் வல்லுநரான அவரது பொறுப்பில் நாடெங்கும் மின்னற் காப்புகள் இருந்தன. புவியிணைப்பு நன்றாக இருந்து, கடத்தியின் மின்தடை குறைவாக இருப்பின் இடிதாங்கி தவறாது என்பது அவர் நிலை. 1878இல் கூடி 1882இல் அறிக்கை வெளியிட்ட இடிதாங்கி மாநாடும் ஏறத்தாழ அதையே கூறிற்று. கட்டடத்தை உலோக உறையால் சூழ்ந்துவிட்டால் உள்ளே தீங்கு நேராது என மேக்ஸ்வெல் 1876இல் வேறொரு வழியைச் சுட்டியிருந்தார். அது அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1888 மார்ச்சில் ஆலிவர் லாட்ஜ் லண்டனில் ஆற்றிய இரு சொற்பொழிவுகள் இந்நிலையை உலுக்கின. லெய்டன் சாடியின் மின்னிறக்கத்துக்கு அவர் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தார். ஒன்று, மின்தடை மிகச் சிறிதான கனத்த செப்புக் கம்பி. மற்றொன்று, வெறும் காற்றிடைவெளி. பொறி காற்றில் தாவியது. செம்புக்கு மாறாக இரும்பை வைத்தபோதும் அதன் கூடிய மின்தடையால் கேடு விளையவில்லை. திடீரென மாறும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் தன்தூண்டலே பெருந்தடை. மின்தடை அதன்முன் அற்பம் என்றார் லாட்ஜ். நிலையில் நிற்கும் தேரை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அச்சுக்கு எவ்வளவு எண்ணெய் இட்டிருந்தாலும், இமைப்பொழுதில் அதை ஓட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. அங்கே எதிர்ப்பது உராய்வன்று, தேரின் நிலைமம். ஹாக்கன்சாக்கில் மின்னல் உலோகத்தைவிட்டு மரத்தை நாடியதற்கான விடை இதுவே.

அவ்வாண்டு செப்டம்பரில் பாத் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகக் கூட்டத்தில் பிரீஸும் லாட்ஜும் நேருக்கு நேர் மோதினர். களப்பட்டறிவுக்கும் ஏட்டுக் கல்விக்கும் இடையிலான போராக அதைப் பிரீஸ் தரப்பினர் சித்திரித்தனர். வரலாற்றாசிரியர்களில் பலர் லாட்ஜின் வெற்றியாக எழுதினர். நான் இரண்டையும் ஏற்கத் தயங்குகிறேன். மின்னலும் லெய்டன் சாடியைப் போலவே முன்பின்னாக அலைவுறும் என்று லாட்ஜ் கொண்டார். பிரீஸ் அதை மறுத்தார். இருபதாம் நூற்றாண்டின் நேரடி அளவீடுகள் மின்னலின் பெரும்பகுதி ஒருதிசைத் துடிப்பே என்று காட்டின. ஒரே தடத்தில் பல துடிப்புகள் அடுத்தடுத்து வரலாம், ஆனால் அவை சாடியின் அலைவு அல்ல. ஆகவே நிகழ்வைப் பற்றிய கூற்றில் பிரீஸ் சரி, லாட்ஜ் தவறு. எனினும் அத்துடிப்பு மில்லியனில் சில பங்கு நொடியில் உச்சத்தை எட்டுவதால், தன்தூண்டல் பற்றிய லாட்ஜின் முடிவு அப்படியே நிற்கிறது. மின்தடையை மட்டும் நம்பிய பிரீஸின் முடிவு விழுகிறது. தவறான படிமத்தின்மேல் நின்று சரியான விதியை எட்டுவதும், சரியான கூற்றைக் கைக்கொண்டே தவறான விதியைக் காப்பதும் அறிவியல் வரலாற்றில் அரிதன்று. ஆயினும் ஒரே மேடையில் இரண்டும் எதிரெதிரே நின்ற காட்சி அரிது.

அதே கூட்டத்தில் கணித, இயற்பியல் பிரிவின் தலைமையுரையில் பிட்ஸ்ஜெரால்டு, ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையால் காட்டிவிட்டதை அறிவித்தார். மின்னற் காப்பை ஆராயப் புகுந்து, கம்பியின் வழியே ஓடும் அலைகளை அளந்துகொண்டிருந்த லாட்ஜுக்கு அச்செய்தி என்னவாக இருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

துகள் பெட்டியின் மறுபிறவி

வார்லியின் துகள் பெட்டி கதையில் மீண்டும் நுழைவது இங்கேதான். தளர்ந்த உலோகத் துகள்கள் தொலைவிலுள்ள மின்பொறியாலும் கடத்தும் தன்மை பெறுகின்றன என 1890இல் பாரிசில் எடுவார் பிரான்லி காட்டினார். 1894இல் லாட்ஜ் அதையே ஹெர்ட்ஸ் அலைகளைக் கண்டறியும் கருவியாகப் பயன்படுத்தினார். மின்னலை வெளியே தள்ளுவதற்கு வைத்த துகள்கள், கண்ணுக்குத் தெரியாத அலையை உள்ளே அழைக்கும் வாயிலாயின.

'இடிதாங்கி' என்னும் தமிழ்ச்சொல்லை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கடத்தி, காப்பான், தடுப்பான் என்னும் பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. தாங்குதல் என்பதோ கம்பிக்கு நேர்வதை மட்டும் கூறி, காரணத்தைத் திறந்தே விட்டுவைக்கிறது. பிராங்க்ளின் முதல் பிரீஸ் வரை மாறிமாறி வந்த விளக்கங்களில் எதனோடும் அச்சொல் முரண்படவில்லை.

1895 மே 7ஆம் நாள் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாந்தர் போபோவ் உருசிய இயற்பியல் வேதியியல் கழகத்தின்முன் ஒரு கருவியைக் காட்டினார். உலோகத் துகள் நிரப்பிய குழாய், ஒவ்வொரு குறிப்புக்கும் பின் துகள்களைத் தட்டிக் குலைக்க ஒரு மின்மணிச் சுத்தி, வெளியே நீண்ட ஒரு கம்பி ஆகியவை அதன் உறுப்புகள். அவ்வாண்டுக் கோடையில் அந்நகரின் வனவியல் கல்விநிலையத்தில் அது நிறுவப்பட்டு, தொலைவில் தோன்றிய மின்னல்களைத் தாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தது. நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குமுன் ரிச்மன் தம் அறைக்குள் இறக்கிய கம்பியால் உயிரிழந்ததும் அதே நகரில்தான்.